நாலாம் நம்பரின் நாற்காலி

நாலாம் நம்பருக்குத் தன் உத்தியோகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு நாற்காலி. சக்கரம் வைத்தது, முதுகு சாய்த்துக்கொள்ளலாம், யாரும் பார்க்காதபோது ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளலாம். அந்த மாதிரி நாற்காலி அவள் வேலை செய்த கூடத்திலேயே ஒன்றுதான் இருந்தது, அது சூப்பர்வைசருடையது. ஆபரேட்டர்கள் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள் என்று முன்னொரு காலத்தில் ஒரு மேனேஜர் கண்டுபிடித்துச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தார். அதையும் அவர் உட்கார்ந்துகொண்டுதான் கண்டுபிடித்திருப்பார். அந்த எழுத்தின் கீழே இருபத்தொரு வருடம் நின்றதில் நாலாம் நம்பரின் வலது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது.

நாலாம் நம்பர் என்பது அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயரில்லை. அவள் வேலை பார்த்தது கம்ப்யூட்டருக்கான நினைவுச் சிப்புகளைச் சோதித்து அனுப்பும் தொழிற்சாலையில். ஒரு பொட்டுத் தூசி விழக்கூடாது என்பதால் எல்லோரும் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை வெள்ளை உடுப்பில் இருப்பார்கள், கண் மட்டும் தெரியும். உடுப்பின் மார்பில் மெஷின் நம்பர் இருக்கும். உடுப்பு ஆளுக்குச் சொந்தமில்லை, மெஷினுக்குச் சொந்தம். நாலாவது மெஷினில் யார் நிற்கிறாரோ அவர் அன்றைக்கு நாலாம் நம்பர். இவள் இருபத்தொரு வருடமாக அங்கேயே நின்றதால் அந்தப் பெயர் உடுப்பைக் கழற்றிய பிறகும் ஒட்டிக்கொண்டது. கேன்டீனில் நாலாம் நம்பரக்கா, வீட்டிலோ வெறும் நாலாம் நம்பர்.

வீட்டில் அப்படிக் கூப்பிடுகிறவர் அவள் புருஷன். தெருமுனையில் சலூன் வைத்திருக்கிறார். கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். கல்யாணமான புதிதில், போட்டோ எடுக்கப் புறப்பட்ட அவசரத்தில், "புருவத்தைக் கொஞ்சம் சீராக்கிடறேன்" என்று கத்தியை வைத்தார். இடது புருவத்தின் நடுவில் அரிசி அகலத்துக்கு ஒரு வெட்டு விழுந்தது. அங்கே அதற்குப் பிறகு முடி முளைக்கவே இல்லை. இன்றைக்கும் அந்த இடத்தில் ஒரு சந்து இருக்கிறது. "எங்க தொழில்ல ஸ்பேர் கிடையாது, வெட்டினா வெட்டினதுதான்" என்பார், ஏதோ அது தொழிலின் குற்றம் மாதிரி.

அவள் தொழிலில் ஸ்பேர் உண்டு. அவள் தொழிலே அதுதான். விரல் நகத்தளவு சிப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத அறைகள் கோடிக்கணக்கில் வரிசை வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு முகவரி. அறையில் ஒன்றைச் சொல்லி வைத்தால், கேட்கும்போது திருப்பிச் சொல்ல வேண்டும். சில வரிசைகள் பிறக்கும்போதே மறதியோடு பிறந்துவிடும். அதற்கென்று சிப்பின் ஓரத்தில் உபரியாகச் சில வரிசைகளைக் கட்டி வைத்திருப்பார்கள். நாலாம் நம்பரின் மெஷின் மறதிக்கார வரிசையைக் கண்டுபிடிக்கும், சிப்புக்குள் மயிரிழை மாதிரி ஒரு கம்பியை எரிக்கும். அவ்வளவுதான். அதன் பிறகு அந்த முகவரிக்கு யார் வந்து கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து ஸ்பேர்தான் குரல் கொடுக்கும். பழைய வரிசை அங்கேயே கிடக்கும், அதை யாரும் கூப்பிட மாட்டார்கள். வெளியே பார்த்தால் சிப் முழுசு, விலையும் முழு விலை. ஸ்பேர் எல்லாம் தீர்ந்தும் மறதி மிச்சமிருந்தால் சிப் சிவப்புத் தொட்டிக்குப் போகும்.

பத்துச் சிப்பில் ஒன்றுக்காவது ஸ்பேர் தேவைப்படும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உலகம் அப்படித்தான் ஓடுகிறது என்பது நாலாம் நம்பரின் கருத்து. ஒரு பழுதும் இல்லை என்று சொல்லிக்கொள்கிற சிப்பையும் மனிதர்களையும் அவள் சந்தேகத்தோடுதான் பார்ப்பாள்.

அந்தக் கூடத்தில் இன்னும் இரண்டு பேரைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருத்தி மாத்து. அவளும் இவள் வயதுக்காரிதான், ஒரு வருடம் பின்னால் சேர்ந்தவள். யாராவது லீவு போட்டால் அந்த உடுப்பை மாட்டிக்கொண்டு அந்த மெஷினில் நிற்பது அவள் வேலை. யாரும் லீவு போடாத நாட்களில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். காத்திருப்பவர் உட்காரலாம், வேலை செய்பவர்தான் நிற்க வேண்டும் என்பது அங்கே விதி.

இன்னொருவர் உதவாக்கரை. அது ஆளில்லை, ஒரு சிப். எந்த ஸ்பேரைப் போட்டும் தேறாத, உள்ளும் புறமும் கெட்ட சிப் ஒன்றைத் தகர டப்பாவில் வைத்துப் பூட்டிப் பாதுகாத்து வந்தார்கள். தினமும் காலையில் ஒவ்வொரு மெஷினுக்கும் முதலில் அதைத்தான் காட்ட வேண்டும். மெஷின் அதைப் பார்த்து "கெட்டது" என்று சிவப்பு விளக்கைப் போட்டால், மெஷினுக்குக் கண் தெரிகிறது என்று அர்த்தம். அப்புறம்தான் மற்ற வேலை. அந்தத் தொழிற்சாலையில் பூட்டுப் போட்டுக் காப்பாற்றப்பட்ட ஒரே சிப் அதுதான்.

டப்பா முன்பெல்லாம் நாலாவது மெஷினுக்கு எதிரேதான் இருந்தது. புதிதாக வந்த மேனேஜர், கண்ணுக்கு அழகாக இல்லை என்று அலமாரியைக் கூடத்தின் அந்தக் கோடிக்கு நகர்த்திவிட்டார். போக அறுபத்திரண்டு அடி, வர அறுபத்திரண்டு அடி. முழங்கால் வலி உள்ளவர்கள் இதையெல்லாம் எண்ணி வைத்திருப்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட சர்வீஸ்காரர் வந்தார். வெறும் தட்டை ஓட்டிப் பார்க்கும்போது மெஷின் சும்மா சும்மா கத்தி நிற்காமலிருக்க, 'பழுதைக் கண்டுகொள்ளாதே' என்று அதில் ஒரு ஏற்பாடு உண்டு. அதைப் போட்டார், வேலையை முடித்தார், திரும்ப எடுக்க மறந்து கிளம்பிவிட்டார்.

புதன்கிழமை காலை முழங்கால் உயிரை எடுத்தது. நாலாம் நம்பர் அலமாரி இருந்த திசையைப் பார்த்தாள். நேற்றுத்தானே காட்டினோம், ஒரே ராத்திரியில் மெஷினுக்குக் கண் குருடாகிவிடுமா என்று நினைத்தாள். இருபத்தொரு வருடத்தில் முதல் தடவையாக உதவாக்கரையின் முகத்தில் விழிக்காமல் வேலையைத் தொடங்கினாள்.

தட்டுக்கு நூற்று நாற்பத்து நான்கு சிப், சாயங்காலத்துக்குள் பதினாறு தட்டு. ஒரு சிப்புக்குக் கூட ஸ்பேர் தேவைப்படவில்லை. மத்தியானமே அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் பச்சை விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தால் அதைப் போய் ஏன் என்று கேட்க யாருக்கு மனசு வரும்? புது சரக்கு, நல்ல சரக்கு என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மேனேஜருக்கு கிராஃப் என்றால் உயிர். அன்று மாலை நாலாம் மெஷினின் பழுதுக் கோடு விறுவிறுவென்று இறங்கிப் பூஜ்யத்தில் போய் உட்கார்ந்ததைப் பார்த்து அவர் நெக்குருகிப் போனார். வீட்டுக்குப் போவதற்குள் அதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் காலை, மெஷினை ஓட்டுவதற்கு முன்னாலேயே, ஒரு போட்டோக்காரரோடு வந்தார். நாலாம் நம்பர் உடுப்போடு மெஷின் பக்கத்தில் நிற்க, படம் எடுத்தார்கள். "சிரிங்கம்மா" என்றார் போட்டோக்காரர். முகமூடிக்குள் அவள் சிரித்தாள்.

"சூப்பர்வைசர் இந்த மாசக் கடைசியில ரிட்டையர் ஆகறார். அந்த சேர் உங்களுக்குத்தாம்மா. நான் எழுதிட்டேன்" என்றார் மேனேஜர். அத்தோடு விடாமல், "சும்மா உட்கார்ந்து பாருங்க" என்று வெளியே டீ குடிக்கப் போயிருந்த சூப்பர்வைசரின் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் உட்கார்ந்தாள். முதுகைச் சாய்த்தாள். மேனேஜர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். இருபத்தொரு வருடம் நின்றதெல்லாம் அந்த ஒரு சுற்றில் கரைந்துபோன மாதிரி இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம்.

சந்தோஷத்தில் முழங்கால் வலிகூடத் தெரியவில்லை. அந்தத் தெம்பில் அறுபத்திரண்டு அடி நடந்து டப்பாவை எடுத்து வந்து உதவாக்கரையை மெஷினில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் பச்சை. உதவாக்கரை முதல் வகுப்பில் தேறியிருந்தது. மெஷினின் திரையைப் பார்த்தாள், சர்வீஸ்காரர் போட்ட 'பழுதைக் கண்டுகொள்ளாதே' அப்படியே இருந்தது.

ஏற்பாட்டை எடுத்துவிட்டாள். விளக்கு சிவந்தது. அன்றைய தட்டுகளை ஒழுங்காக ஓட்டி, ஒழுங்காக ஸ்பேர் போட்டு, யாரிடமும் மூச்சு விடாமல் வெளியே வந்தாள். புதன்கிழமைச் சரக்கு, இரண்டாயிரத்து முந்நூற்று நான்கு சிப்பும், பேக்கிங் அறையில் இருந்தது. திங்கட்கிழமை லாரி ஏறும். ஏறிவிட்டால் அவ்வளவுதான். எங்கோ யாருடைய கம்ப்யூட்டரிலோ ஒரு நாள் ஒரு கணக்கு காணாமல் போகும், யாரோ அதைத் தட்டிப் பார்ப்பார்கள், இன்னொன்று வாங்குவார்கள். அவளைத் தேடிக்கொண்டு ஒருவரும் வரப்போவதில்லை.

நேராக சலூனுக்குப் போனாள். ஆள் இல்லாத நேரம். "வா, இதுல உட்காரு. இதுவும் சுத்தும்" என்று புருஷன் முடிவெட்டும் நாற்காலியைத் தட்டிக் கொடுத்தார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தபடி அவர் கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப யாருக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"சேர் உனக்குத்தான்?"

"எழுதி அனுப்பிட்டாராம்."

"அப்ப என்னத்துக்கு மூஞ்சி இப்படி இருக்கு?"

அவள் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒருத்தர் காதை லேசா வெட்டிட்டேன்னு வை," என்றார் அவர். "பவுடரைப் போட்டு, முடியைச் சீவி மறைச்சு அனுப்பிடலாம். காசும் குடுத்துட்டுப் போவாரு. வீட்டுல போய்த் தலைக்கு ஊத்தினா எரியும்ல. அதுக்கப்புறம் நம்ம தெருவழியா நடக்கும்போது, நாமதான் அவர் காதைப் பார்த்துக்கிட்டே நடக்கணும்."

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் அறையில் போய் நின்றாள்.

"சார், புதன்கிழமை பூஜ்யம் தப்பு."

"பூஜ்யம் எப்படிம்மா தப்பாகும்? அதுல தப்பாக என்ன இருக்கு?"

சொன்னாள். டப்பாவை எடுக்காதது, முழங்கால், சர்வீஸ்காரர், எல்லாவற்றையும். மேனேஜரின் முகம் கிராஃபைப் போலவே மெல்ல மெல்ல இறங்கியது. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. பயந்த மனிதர்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"வீட்டுக்காரர்கிட்ட."

"அவர் என்ன பண்றார்?"

"சலூன் சார்."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, கூடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அன்றைக்கு அந்தச் சரக்கு முழுவதையும் திரும்பச் சோதித்துவிடலாம். ஆனால் ஒருவர் வேலையை அவரே மறுசோதனை செய்யக் கூடாது என்பது விதி. ஆகவே மாத்து வந்து நாலாம் நம்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு ஓட்டட்டும். நாலாம் நம்பர் வீட்டில் இருக்கட்டும்.

மாத்து வந்தாள், ஓட்டினாள். இருநூற்று நாற்பத்தேழு சிப்புக்கு ஸ்பேர் போட்டாள், பதினொன்று சிவப்புத் தொட்டிக்குப் போனது. ஒழுங்கான, ஒளிவுமறைவில்லாத கணக்கு. லாரி திங்கட்கிழமை நல்லபடியாகக் கிளம்பியது.

அன்று நாலாம் நம்பர் திரையில் புதன்கிழமைப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஒரு சரக்குக்கு ஒரு பக்கம்தான் என்பதும் விதி. ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாளே தொழிற்சாலைக் காலண்டரில் கிடையாது என்பதும் விதி. அதனால் ஞாயிறு செய்த வேலை புதனில் ஏறியிருந்தது. இருநூற்று நாற்பத்தேழு, பதினொன்று, ஆபரேட்டர் மாத்து. புதனன்று வேலை செய்த இவளை எங்கே வைப்பது என்று தெரியாமல் விடுப்பில் வைத்திருந்தார்கள். அவள் லீவுக் கணக்கில் ஒரு நாள் குறைந்திருந்தது.

மேனேஜரிடம் போனாள். "சார், அன்னிக்கு நான் இருந்தேன். தப்பு பண்ணினதும் நான்தான். அதை அப்படியே எழுதலாமே?"

"தப்பு எங்கம்மா இருக்கு?" மேனேஜர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "நீங்களே பாருங்க. இருக்கா?"

இல்லைதான். அவள் மெஷினே செய்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்காது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் நிம்மதியும். தண்டனை இல்லை, சரக்கும் சுத்தம். நாற்காலி போனால் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு மறுபடி நிற்க ஆரம்பித்தாள்.

நாற்காலி போகவில்லை என்பதுதான் வேடிக்கை. இரண்டு வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. புதன்கிழமை நாலாம் நம்பரில் வேலை செய்து ஒரு பழுதும் இல்லாமல் சாதனை படைத்தவரைச் சூப்பர்வைசராக்கவும் என்று போட்டிருந்தது. அங்கிருப்பவர்களுக்கு ஆளைத் தெரியாது, நாளும் நம்பரும்தான் தெரியும். கையில் பூஜ்யத்தைக் காட்டும் பழைய கிராஃப் இருந்தது. யார் வேலை பார்த்தது என்று பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள், அதில் மாத்து இருந்தாள். பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கீழே இருந்த இருநூற்று நாற்பத்தேழைப் படிக்க நேரமில்லையோ என்னவோ.

மேனேஜர் ஒரு நாள் முழுக்கத் தலையைச் சொறிந்தார். ஆளைத் திருத்தினால் பக்கத்தைத் திருத்த வேண்டும், பக்கத்தைத் திருத்தினால் பூஜ்யத்தைத் திருத்த வேண்டும், பூஜ்யத்தைத் திருத்தினால் அதை அனுப்பியவரைத் திருத்துவார்கள். உத்தரவை நிறைவேற்றினார்.

கேன்டீனில் மாத்து நாலாம் நம்பரைத் தேடி வந்தாள்.

"அக்கா, அந்தப் புதன்கிழமை பூரா நான் முக்காலியிலதான் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கே தெரியும். எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. வேணாம்னு எழுதிக் குடுத்துடட்டுமா?"

எழுதிக் கொடு, இப்பவே கொடு, பேனா வேண்டுமா என்று கேட்கத்தான் நாலாம் நம்பரின் நாக்கு துடித்தது. இருபத்தொரு வருடம் நின்றவள் நான், உட்கார்ந்திருந்ததற்கு உனக்கு நாற்காலியா என்று நெஞ்சு கொதித்தது. ஆனால் மாத்து எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் மேனேஜர் போவார், மேனேஜர் போவதற்கு முன்னால் இவள் போவாள்.

"நீ என்னடி பண்ணுவே. போய் உட்காரு" என்றாள்.

இன்னும் இரண்டு தடவை மறுப்பாள் என்று எதிர்பார்த்தாள். மாத்து மறுக்கவில்லை. "சரிக்கா" என்று சொல்லிவிட்டு டீயைக்கூடக் குடித்து முடிக்காமல் போனாள்.

மாத்து மேலே போனதில் கதவோரத்து இடம் காலியாயிற்று. எல்லா மெஷினும் தெரிந்த ஆள் யார் என்று பார்த்தார் மேனேஜர். "உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். முழங்கால் வலின்னீங்களே. அங்கேன்னா உட்கார்ந்துக்கலாம்" என்றார். அவர் நிஜமாகவே கரிசனத்தோடுதான் சொன்னார். புதிதாக யாரோ நாலாம் நம்பர் ஆனார். பழைய நாலாம் நம்பர் மாத்து ஆனாள். உதவாக்கரை இருந்த அலமாரியையும் அந்த முக்காலிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தார்கள். இனி எடுக்க மறந்துவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது பாருங்கள்.

முதல் நாள் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். முக்காலிக்கு முதுகு இல்லை, சக்கரம் இல்லை. ஒருவரும் லீவு போடவில்லை. எதிரே புது சூப்பர்வைசர் நாற்காலியில் இருந்தபடியே இந்த மெஷினிலிருந்து அந்த மெஷினுக்கு உருண்டுகொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவளை அழைத்துப் போகப் புருஷன் வாசலில் நின்றிருந்தார். வாசல் சுவரில் அன்றைக்குத்தான் ஒரு படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். நாலாம் நம்பர் உடுப்பில் ஓர் ஆள், பக்கத்தில் மெஷின். கீழே பழைய மாத்துவின் பெயர், அதன் கீழே 'பழுதே இல்லாத நாள்' என்று கொட்டை எழுத்து. அவர் படத்துக்கு மிக அருகில் போய், சலூன் கண்ணாடியில் ஆளைப் பார்ப்பது மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க போலாம்" என்றாள் அவள்.

"இது யாரு?"

"கீழ பேரு போட்டிருக்குல்ல."

"பேரை யார் கேட்டா. இடது புருவத்தைப் பாரு."

அவள் பார்த்தாள். முகமூடிக்கும் தொப்பிக்கும் நடுவில் இரண்டு கண்கள், அதற்கு மேலே நடுவில் சந்து விழுந்த ஒரு புருவம். தொழிற்சாலை முழுவதிலும் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. அவளுக்கே அதுவரை படவில்லை.

"உள்ள போய்க் கேக்கட்டுமா?" என்றார் அவர். கேட்பார்தான், விட்டால் கத்தரியோடு கேட்பார்.

"வேணாங்க. எனக்குக் கால் வலிக்கல இன்னிக்கு" என்றாள். அது உண்மை. காலையிலிருந்து ஒரு தடவைகூட வலிக்கவில்லை. அதைச் சொன்னதும்தான் அவளுக்கு அழுகை வந்தது.

அவர் கண்ணாடியின் மேல் அந்தப் புருவத்தை விரலால் தொட்டார். பிறகு படத்தைப் பார்த்தபடியே, "அன்னிக்கு நான் ஒழுங்கா வெட்டியிருந்தா, இன்னிக்கு எனக்கும் இது நீன்னு தெரிஞ்சிருக்காது" என்றார்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் மெதுவாக வீட்டுக்கு நடந்தார்கள்.